முற்றத்துக்குச் சிமெண்டு

ஜூன் 3, செவ்வாய்

முற்றத்துக்குச் சிமெண்டு போடப் போகிறார்களாம். ராத்திரி சாப்பிடும்போது என் கணவர், ரசம் கேட்பதுபோல இதைச் சொன்னார். "டீச்சர் தரை போடணும்ங்காங்க. எல்லாம் மண்ணாக் கிடக்குல்லா." அவ்வளவுதான். அடுத்து அப்பளம் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும், பிள்ளைகள் அப்போதுதான் தூங்கியிருந்தார்கள். அதனால் இந்த டைரியை எடுத்தேன். அவர் வேலை பார்க்கும் டிராக்டர் கம்பெனியில் கொடுத்தது. முதல் பக்கத்தில் மந்திரமூர்த்தி என்று அவர் பெயரை அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டுச் சங்கரகோமதி என்று என் பெயரை எழுதினேன். எழுதியதும் கொஞ்சம் ஆறியது.

டீச்சர் என்றால் மாடியில் இருக்கும் ஜெபமணி டீச்சர். வீட்டுக்காரர். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள் பெங்களூரில். கீழ்வீட்டில் நாங்கள். தாமிரா கைக்குழந்தையாக இருந்தபோது வந்தோம். இப்போது அவள் யு.கே.ஜி. இரண்டு வயதில் முகில் இருக்கிறான்.

வந்த நாளில் இந்த முற்றம் எப்படி இருந்தது என்பதை டீச்சரும் மறந்திருக்க மாட்டார். உடைந்த ஓடு, பாட்டில் சில்லு, வீடு கட்டியபோது மிஞ்சி இறுகிப்போன சிமெண்டுக் கட்டி. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, அவள் எழுவதற்குள் ஒரு சட்டி, மறுநாள் ஒரு சட்டி என்று பொறுக்கி வெளியே கொட்டியது நான். சாணமும் செம்மண்ணும் வாங்கிப் போட்டது நான். தாமிராவுக்கு முதல் பல் வந்த மாதம் எலுமிச்சைக் கன்று வைத்ததும் நான்தான்.

இன்றைக்குச் சமைத்ததை எழுதுகிறேன். அது தெரிந்தால்தான் இந்தக் கோபம் யாருக்கும் புரியும். தாமிராவின் டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதம், வெண்டைக்காய் வதக்கல். எங்களுக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு, அதன் தோலில் துவையல், தண்டுக்கீரைப் புளிக்கறி. அரிசி, பருப்பு, புளி, தேங்காய் போக மீதியெல்லாம் அடுப்படி வாசலுக்கு வெளியே விளைந்தவை. இவர்களுக்கு அது மண்ணாகக் கிடக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மாடியிலிருந்து போன வாரம் தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப் வந்திருந்தது. முகிலுக்குச் சளி என்று டீச்சர் கொடுத்தனுப்பியது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாத்திரம் வெறுமனே போனதே கிடையாது. ஒன்றும் இல்லாத நாளில் நாலு பச்சைமிளகாயாவது கிடக்கும்.

இன்று அந்தத் தூக்குச்சட்டியைப் புளி போட்டுத் துலக்கி, துடைத்து, காலியாகத் தாமிராவிடம் கொடுத்தனுப்பினேன். அவள் படியில் நின்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, உள்ள ஒண்ணும் வைக்கல" என்றாள். போய்க் கொடு என்றேன்.

டீச்சருக்குப் புரிந்திருக்கும். கணக்கு டீச்சர்.

கடுகு தாளிக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. பித்தம். வெளியே போய் எலுமிச்சை இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்ததும் சரியாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

எலுமிச்சையில் புழு. இளம் இலையின்மேல் காக்கை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும். தாமிரா அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறாள். கொல்ல விட மாட்டேன் என்கிறாள், வண்ணத்துப்பூச்சி ஆகுமாம். பாதியை வெண்டை இலைக்கு மாற்றினேன், அங்கே அவை தின்னாது என்று தெரிந்தும். அவளுக்குச் சொல்லவில்லை.

இன்றும் பித்தம். இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தேன். நிற்கவில்லை. எலுமிச்சை இலைக்குத்தான் கேட்கிறது. ஒன்றை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

சாளை மீன் வாங்கி வந்தார். கழுவ முடியவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கழுவினேன். குழம்பு வைத்தேன், வறுத்தேன், பரிமாறினேன். நான் மோர்ச்சாதம் சாப்பிட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை. மீன் முள் எடுத்து இரண்டு பிள்ளைக்கும் ஊட்டிவிட்டு உட்காரும்போது நான் என்ன சாப்பிடுகிறேன் என்று இந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

சாயங்காலம் அவர் டேப் எடுத்துவந்து முற்றத்தை அளந்தார். வாசல் கேட்டிலிருந்து எலுமிச்சை வரை, எலுமிச்சையிலிருந்து பின்சுவர் வரை. தாமிரா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். டீச்சர் அளந்து சொல்லச் சொன்னாராம். டீச்சர் மாடியில்தான் இருந்தார், வாசித்துக்கொண்டிருந்தார், கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டித் தள்ளச் சொல்லிவிட்டு எட்டிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை அவருக்கு.

தாமிரா, "அப்பா, நம்ம வண்டி எவ்ளோ நீளம்?" என்று கேட்டாள். அவர் சும்மா இரு என்று அதட்டினார். பைக்கைக் கேட்டிருப்பாள். அதற்கு ஏன் அதட்ட வேண்டும்?

பீர்க்கைப் பந்தல் காலில் டேப் தட்டி இரண்டு பிஞ்சு விழுந்தது. பார்த்து நடங்க என்றேன். "எப்படியும் போறதுதான" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

மருந்துக் கடைக்குப் போனேன். நம் தெருக் கடைக்கு இல்லை, மார்க்கெட் பக்கம்.

ஜூன் 11, புதன்

அது பித்தம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயத்தை எழுத வேண்டாம் என்று இருந்தேன். அதை முதலில் நான் தனியாக, ஒரு மூலையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இந்த வீட்டில் மூலை கிடையாது. முற்றத்தில்தான் உண்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். பிள்ளைகள் தூங்கும் மதியத்தில் அங்கே போய் உட்கார்ந்தேன். எலுமிச்சை பூத்திருக்கிறது. ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது, பூவெல்லாம் மடியில் உதிர்ந்தது. சரி, யாரிடமும் இப்போதைக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அது என் இஷ்டம்.

அந்த அமைதியை டீச்சர் கெடுத்தார். பள்ளியிலிருந்து வந்த தாமிராவைப் படியில் நிறுத்தி, "அம்மாவுக்குத் தோட்ட வேலை ரொம்பக் கஷ்டமா இருக்கோ? இனிமே இருக்காதுன்னு சொல்லு" என்றாராம். பிள்ளை அப்படியே வந்து ஒப்பித்தாள்.

கஷ்டமாம். என் கையால் வைத்ததைப் பிடுங்கிவிட்டு, பிள்ளையிடமே கரிசனம் சொல்லி அனுப்புகிறார். முப்பது வருடம் வகுப்பில் குழந்தைகளோடு இருந்தவர் செய்யும் காரியமா இது? மேலே போய்க் கேட்டிருப்பேன். முகில் வாந்தி எடுத்தான், அதைத் துடைக்கையில் எனக்கும் வந்தது, இருவருக்கும் சட்டை மாற்றவே நேரம் சரியாகிவிட்டது.

ராத்திரி அவரிடம் சொன்னேன். நீங்கள் ஒரு தடவை டீச்சரிடம் பேசுங்கள், நான் பேசினால் வார்த்தை தடித்துவிடும், நாம் எப்போது தோட்டம் வேண்டாம் என்றோம் என்று கேளுங்கள் என்றேன். பேசுதேன் என்றார். செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதை என் பக்கம் காட்டாமல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினார்.

ஜூன் 15, ஞாயிறு

பேசிவிட்டாராம்.

"கேட்டுப் பாத்துட்டேன் கோமதி. முடியாதுன்னுட்டாங்க. வாடகை வீடு, நாம என்னத்தச் சொல்ல?"

எப்போது பேசினீர்கள் என்றேன். காலையில் என்றார். காலையில் டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தார். இவர் எழுந்ததே பத்து மணிக்கு. ஒருவேளை சர்ச் வாசலில் போய்ப் பார்த்திருப்பார்.

வருகிற சனிக்கிழமை ஆள் வருகிறதாம். முதல் நாள் மரம், மறுநாள் ஜல்லி. பெண்டாட்டி கேட்டால் ஒரு பதில், வேலையாளுக்கு ஒரு தேதி, எல்லாம் தயாராக வைத்திருக்கிறார்கள்.

சரி, பாத்திகள் போகட்டும், பந்தல் போகட்டும், அந்த ஒரு எலுமிச்சையை மட்டும் விடச் சொல்லுங்கள், ஓரத்தில்தானே நிற்கிறது, சுற்றிச் சிமெண்டு போட்டுக்கொள்ளட்டும் என்றேன். இவ்வளவு இறங்கி நான் யாரிடமும் பேசியதில்லை.

"மரம் அங்கன நின்னா வண்டி எப்படித் திரும்பும்?" என்றார்.

எந்த வண்டி என்று கேட்க வாயெடுத்தேன். முகில் கட்டிலிலிருந்து விழுந்தான். நெற்றியில் வீக்கம், ஐஸ் வைத்து, தோளில் போட்டு நடந்து, அவன் தூங்கும்போது இவரும் தூங்கியிருந்தார்.

டீச்சர் மகள் பெங்களூரிலிருந்து காரில் வருவாள். அதற்காக இருக்கும். வருடத்தில் இரண்டு முறை வரும் காருக்காக.

ஜூன் 17, செவ்வாய்

இட்லி, தேங்காய்ச் சட்னி. தாமிரா டப்பாவில் பாதி அப்படியே திரும்பி வந்தது. யூனிபார்மில் மை. முகிலுக்கு நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது. மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்தேன், உடம்புக்கு அது வேண்டும் என்று தோன்றியது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

"என்ன, இன்னைக்கு நல்ல பசி போல" என்றார். சிரித்தார். பசி என்றுதான் அவருக்குத் தெரிகிறது.

ஜூன் 19, வியாழன்

அவர்கள் வெட்டிக் குப்பையில் போடுவதற்கு முன் நானே எடுத்துவிடுவது என்று இறங்கினேன். வெண்டை, கத்திரி, பீர்க்கை, பிஞ்சு முதல் முற்றியது வரை எல்லாம் பறித்தேன். கீரையை வேரோடு பிடுங்கினேன். காய்த்துக்கொண்டிருக்கும் செடியிலிருந்து பிஞ்சைப் பறிப்பது நல்ல காரியம் இல்லை. கை கூசியது. பறித்தேன்.

எலுமிச்சையில் ஏற முடியவில்லை, ஏறக் கூடாது என்றும் இருந்தேன். கோலால் தட்டினேன். முள் கிழித்தது. பழுத்ததும் காயுமாக ஒரு கூடை. உட்கார்ந்து நான்காக நறுக்கி உப்புப் போட்டுப் பரணியில் அடக்கினேன். முகில் ஒரு துண்டை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான், மறுபடியும் கேட்டான்.

ஊரெல்லாம் கொடுத்தேன். எதிர்வீடு, பால்காரர், தாமிராவின் வேன் டிரைவர், எல்லோருக்கும் ஒரு பை. மாடிக்கு மட்டும் இல்லை. டீச்சர் படியில் இறங்கி வந்து, பை பையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயே எடுத்துட்டியாம்மா? நல்லதாப் போச்சு" என்றார்.

நான் அடுத்த பையைக் கட்டினேன். அந்த "நல்லதாப் போச்சு" என் காதிலேயே இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படி ஒன்றும் சந்தோஷமாக இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். கண்ணால் பார்த்ததை மறைக்க மாட்டேன்.

ஜூன் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு மரம் வெட்டுகிறவர் வந்தார். மாசானம் என்று பெயர், ஐம்பது வயது இருக்கும். கூட அவர் மச்சினன். கோடரி, அரிவாள், கயிறு. இவர் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தார். என் இரண்டு பிரசவத்துக்கும் அரைநாள் அரைநாளாக லீவு எடுத்தவர், மரம் வெட்ட முழுநாள் எடுத்திருக்கிறார். அவர்களுக்கு டீ போடச் சொன்னார். என் மரத்தை வெட்ட வந்தவர்களுக்கு நானே டீ போட்டேன். இஞ்சிகூடத் தட்டிப் போட்டேன், பழக்கம்.

பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போ என்றார். தாமிரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகிலை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

மாசானம் மரத்தைச் சுற்றி வந்தார். பூவையும் பிஞ்சையும் பார்த்தார். காய்க்கிற மரமாச்சே என்று முனகிக்கொண்டு, டீயைக் கையில் வாங்கியபடி இவரிடம் கேட்டார்.

"வெட்டச் சொல்லுதவுக வீட்டுல யாரும் உண்டாயிருக்காவளா சார்?"

இந்தப் பக்கத்தில் இது வழக்கம். வீட்டுப் பெண் கர்ப்பமாக இருந்தால் அந்த வீட்டு ஆண் மரம் வெட்டவும் கூடாது, ஆள் வைத்து வெட்டச் சொல்லவும் கூடாது. தெரிந்தே வெட்டினால் வெட்டுகிறவனையும் சேரும் என்பார்கள். அதனால் கோடரி எடுக்கும் முன் கேட்டுக்கொள்வார்கள்.

இவர் சிரித்தார். வீட்டுக்காரர் மாடியில் இருக்கும் டீச்சர், தனியாள், அதிலும் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு இதெல்லாம் கிடையாது, மரம் அவருடையது, நீங்கள் ஆரம்பியுங்கள் என்றார்.

படியில் செருப்புச் சத்தம். டீச்சர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"நானா வெட்டச் சொன்னேன்?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார். குரல் உயரவில்லை, வகுப்பில் கேட்கும் குரல். "கார் புக் பண்ணியிருக்கேன், நிப்பாட்ட இடம் வேணும், செலவையும் நானே பாத்துக்கிடுதேன்னு நீங்கதான வந்து நின்னீங்க தம்பி? கோமதி வருத்தப்படுவாளேன்னு கேட்டேன். அவளுக்கும் ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு முடியல, அவளே எடுத்திரச் சொல்லுதான்னு சொன்னீங்க."

மச்சினன் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

அந்த ஒரு நிமிடத்தில் டேப்பும், அதட்டலும், கவிழ்த்து வைத்த போனும், சர்ச்சுக்குப் போனவரிடம் பேசிய பேச்சும் எனக்கு வரிசையாக வந்தன. தெரியாததுபோல எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பாதிக்குமேல் தெரிந்தேதான் இருந்தது. டீச்சர்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது, அவர் மாடியில் இருக்கிறார். இவர் என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார்.

மாசானம் டீச்சரையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "அப்போ வெட்டச் சொல்லுதது சார்தானா?"

"ஆமா, யார் சொன்னா என்ன?"

"சார் வீட்டுல…?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நீ வேலையப் பாரு."

கேட்க வேண்டியவரைக் கேட்காமல், அவருக்குமாகச் சேர்த்து இவர் சொன்ன மூன்றாவது பதில் அது. தோட்டம் வேண்டாம் என்று ஒன்று, டீச்சர் மாட்டேன் என்றார் என்று ஒன்று, இப்போது இது.

"உண்டாயிருக்கேன்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. முகில் என் தாலிச் செயினை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். இவர் திரும்பிப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனோ என்று முதலில் தேடினார், பிறகு என் முகத்தில் அது இல்லை என்று கண்டார். அந்த வரிசையை நான் மறக்கப் போவதில்லை.

மாசானம் கோடரியைச் சாக்கில் சுற்றினார். ஒரு வார்த்தை விவாதம் இல்லை. இவர் கூலி தருகிறேன், பாத்தியையாவது கொத்துங்கள் என்றார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். டீயை முழுவதும் குடித்து, டம்ளரை என்னிடமே கொண்டுவந்து கொடுத்து, "உடம்பப் பாத்துக்கிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை நாள் நான் கெஞ்சியதற்கு நிற்காத கோடரி, மூன்றாம் மாதம்கூட ஆகாத ஒன்றுக்கு நின்றுவிட்டது. நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்ல வரவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததாக இன்னும் கொஞ்ச நாள் அது இருந்திருக்கலாம். நானே ஒரு நல்ல நேரம் பார்த்து, நல்ல சமையல் செய்து, இவரிடம் மட்டும் சொல்லியிருப்பேன். கோடரிக்காரர் முன்னால் சொல்ல வைத்துவிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து போன். மாமியார், என் அம்மா, நாத்தனார். இவர்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார், எப்படித் தெரியவந்தது என்பதை மட்டும் சொல்லாமல். மாமியார் சந்தோஷத்தில் அழுதார். குனியாதே, செடி கொடி என்று வெயிலில் நிற்காதே என்றார். அதில் நிற்கச் செடி ஒன்றும் மிச்சமில்லை அத்தை, எல்லாவற்றையும் நானே பறித்துக் கொடுத்துவிட்டேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். உங்கள் மகனைக் கேளுங்கள் என்று போனை அவரிடம் கொடுத்தேன். பேச்சு வெகுநேரம் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது.

பதினொரு மணிக்கு மாடிக்குப் போனேன். டீச்சர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். நான் பேச ஆரம்பிக்கும் முன் அவரே சொன்னார்.

"வீட்ட வாடகைக்கு விட்டது உங்க ரெண்டு பேருக்கும். நான் அவர்கிட்ட மட்டும் கேட்டுட்டு விட்டுட்டேன். கீழ இறங்கி ஒரு வார்த்த உன்கிட்ட கேட்டிருக்கணும். ஏன் கேக்கலன்னு எனக்கே தெரியலம்மா. பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தே காலத்தக் கழிச்சவ நான்."

நானும் கேட்கவில்லை என்றேன். படி இருபுறமும் ஏறி இறங்கத்தான் இருந்தது, இரண்டு பேரும் உபயோகிக்கவில்லை. இருந்தாலும் டீச்சர் தப்பும் என் தப்பும் ஒரே எடை இல்லை என்று எனக்குத் தோன்றியது, அதையும் சொன்னேன். ஒத்துக்கொண்டார். நாடார் கடை முறுக்கு கொடுத்தார். இரண்டு தின்றேன், குமட்டவில்லை.

முற்றத்தைப் பற்றி இனி யார் வந்து என்ன கேட்டாலும் கோமதி வந்து சொல்லட்டும் என்று பதில் சொல்வதாகச் சொன்னார். பிள்ளை பிறந்த பிறகும் அப்படித்தானா என்றேன். பிறந்த பிறகும் அப்படித்தான் என்றார். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

ஜூன் 23, திங்கள்

வெண்டையும் தண்டுக்கீரையும் விதைத்தேன். குனிந்துதான் விதைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று நாளாக வீட்டில் பேச்சு பிள்ளைகள் வழியாகத்தான். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு, அம்மாவிடம் சட்டை கேள். தாமிராவுக்குக் கால் வலித்திருக்கும்.

இன்று அவரே ஆரம்பித்தார். பிள்ளைகள் இருவரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கத்திரிக்காய்த் தீயல், கடையில் வாங்கிய கத்திரிக்காய். எதிர்வீட்டுக்காரரிடம் பேசி அவர் காலிமனையில் கார் நிறுத்த இடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். சரி என்றேன். உனக்கும் பிள்ளைகளுக்கும்தானே வாங்கினேன், முகிலைப் பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு எத்தனை நாள் போவது, ஒரு நாள் கேட்டில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி உன்னை ஆச்சரியப்படுத்த நினைத்தேன் என்றார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆச்சரியத்தை நிறுத்துவதற்கு என் முற்றம்தான் கிடைத்ததா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, குற்றத்தில் பாதி என்னுடையது என்பதுபோல, மெதுவாகச் சொன்னார்.

"நீ முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வெட்டச் சொல்லியே இருக்க மாட்டேன்லா."

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"வெட்டாதீங்கன்னு சொன்னேன். அந்த ஒரு மரத்த மட்டுமாவது விடுங்கன்னு சொன்னேன்."

"அது வேற, இது வேற கோமதி."

"ரெண்டையும் சொன்னது நான்தானங்க."

வழக்கமாக இந்த இடத்தில் மோர் ஊற்றட்டுமா என்று கேட்பேன். கேட்கவில்லை. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து அடுப்படிக்குப் போய் அவரே ஊற்றிக்கொண்டு வந்தார்.